ஸ்பிளிட் ஏசிக்குத் தனி லைன்: டிபி பாக்ஸிலிருந்து அவுட்டோர் வரை

ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி ஓடும்போது 7 முதல் 9 ஆம்பியர் வரை இழுக்கும். 2 கிலோவாட் கீசரும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் கீசர் கால் மணி நேரத்தில் நின்றுவிடும், ஏசி இரவு முழுக்க ஓடும். லேசாக லூஸான ஒரு ஸ்க்ரூ கால் மணி நேரத்தில் சூடாகி ஆறிவிடும். எட்டு மணி நேரம் தொடர்ந்து கரன்ட் போனால் அதே இடம் கருகும். ஏசி வயரிங்கில் கோளாறு வரும் இடங்களைப் பார்த்தால், வயரின் நடுப்பகுதி அரிதாகவே கெடுகிறது. டிபி பாக்ஸில் (வீட்டு லைன்கள் பிரியும் மெயின் பெட்டியில்) ஒரு முனை, ப்ளக்கில் ஒரு முனை, யாரோ சுவருக்குள் போட்டு மறைத்த ஜாயின்ட், இவைதான் எரிகின்றன. அதனால் இந்த வேலைக்கு அடிப்படை ஒன்றுதான்: டிபி பாக்ஸிலிருந்து ஏசி பாக்ஸ் வரை தனி ஃபேஸ், தனி நியூட்ரல், தனி எர்த், நடுவில் எங்கும் ஜாயின்ட் கிடையாது.

இந்த வேலையை மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் செய்ய வேண்டும். வீட்டுக்காரர் பொருளைச் சரியாக வாங்கவும், வேலையைப் பக்கத்தில் நின்று சரிபார்க்கவும் தெரிந்திருந்தால் போதும். மெயினை இறக்கிய பிறகும் டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி வயரில் கை வைக்கக் கூடாது. மல்டிமீட்டரில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் பார்க்க வேண்டும். வீட்டில் யுபிஎஸ் இருந்தால் மெயினை இறக்கினாலும் டிபி பாக்ஸின் ஒரு பகுதியில் கரன்ட் இருக்கும். யுபிஎஸ்ஸையும் அணைத்துவிட்டே தொடங்குங்கள்.

முதலில் வீட்டுக்கு வரும் லைன் தாங்குமா

ஏசி வாங்கும் முன் மின்வாரிய அட்டையில் அல்லது பில்லில் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பாருங்கள். கீசர், மோட்டார், இன்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ஏற்கெனவே ஓடும் சிங்கிள் ஃபேஸ் வீட்டில் இரண்டாவது ஏசி மாட்டுவதென்றால் கூடுதல் லோடுக்கும், தேவைப்பட்டால் த்ரீ ஃபேஸுக்கும் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

த்ரீ ஃபேஸ் வீட்டில் ஏசிகளை வெவ்வேறு ஃபேஸில் பிரித்துப் போடுங்கள். கீசர் இருக்கும் ஃபேஸில் ஏசியைச் சேர்க்க வேண்டாம். ஒரு ஃபேஸ் போனால் அதிலுள்ள லோடை வேறு ஃபேஸுக்குத் திருப்பும் செலக்டர் சுவிட்ச் நம் வீடுகளில் சகஜம். கோடையில் ஒரு ஃபேஸ் போனதும் மூன்று ஃபேஸின் லோடையும் ஒன்றில் திருப்பிவிட்டு இரண்டு ஏசியையும் ஓட்டினால் அந்த சுவிட்சே முதலில் உருகும். ஏசி லைனைச் செலக்டருக்கு முன்னாலேயே பிரித்து எடுப்பது நல்லது. அந்த ஃபேஸ் இல்லாத நேரத்தில் அந்த ஏசி ஓடாது, அவ்வளவுதான்.

மெயினில் இன்னும் பீங்கான் ஃபியூஸ் கேரியர் இருந்தால் நியூட்ரலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே ஃபியூஸ் வயர் போடவே கூடாது, திடமான லிங்க் இருக்க வேண்டும். த்ரீ ஃபேஸ் வீட்டில் மெயின் நியூட்ரல் அறுந்தால் சில ரூம்களில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறும். ஏசியின் பிசிபி போர்டு அந்த நொடியிலேயே போய்விடும்.

வயரும் எம்சிபியும்

1 டன்னுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயரும் 16 ஆம்பியர் எம்சிபியும் (கரன்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) போதும். 1.5 டன், 2 டன் இரண்டுக்கும் 4 ஸ்கொயர் எம்எம், 20 ஆம்பியர் எம்சிபி. சுவரை ஒரு முறைதான் உடைக்கப் போகிறோம் என்பதால் 1 டன்னாக இருந்தாலும் 4 ஸ்கொயர் எம்எம் இழுத்துவிடுங்கள். பிறகு பெரிய ஏசி வந்தாலும் அதே லைன் தாங்கும். எர்த் வயரும் ஃபேஸ் வயரின் அளவிலேயே இருக்க வேண்டும். எர்த்துக்கு மட்டும் 1 ஸ்கொயர் எம்எம் போட்டு மிச்சம் பிடிப்பது தவறான இடத்தில் மிச்சம் பிடிப்பது.

தடிப்பான வயர் எதற்கு என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். டிபி பாக்ஸிலிருந்து ஏசிக்கு 15 மீட்டர் என்றால் கரன்ட் போய் வரும் தூரம் 30 மீட்டர். 2.5 ஸ்கொயர் எம்எம் மல்டி ஸ்ட்ராண்ட் வயரில் இதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.24 ஓம், 4 ஸ்கொயர் எம்எம்மில் 0.15 ஓம். 9 ஆம்பியர் ஓடும்போது முதலாவதில் 2 வோல்ட்டுக்குச் சற்று மேலும், இரண்டாவதில் 1.3 வோல்ட்டும் குறையும். பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இன்வெர்ட்டர் இல்லாத பழைய மாதிரி ஏசியின் கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் கரன்ட்டைப் போல் ஐந்து மடங்கு இழுக்கும். 45 ஆம்பியரில் 2.5 வயரில் 11 வோல்ட் காணாமல் போகும். ஏற்கெனவே 190 வோல்ட்டில் தள்ளாடும் லைனில் அந்த 11 வோல்ட்தான் கம்ப்ரஸர் கிளம்புமா, முனகிவிட்டு நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

இதே காரணத்தால் எம்சிபியில் 'சி' கர்வ் கேட்டு வாங்குங்கள். 'பி' கர்வ் எம்சிபி அதன் அளவைப் போல் 3 முதல் 5 மடங்கு கரன்ட்டிலேயே உடனே விழுந்துவிடும், 'சி' கர்வ் 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் எம்சிபியாக இருக்கட்டும். எம்சிபி காப்பது சுவருக்குள் போகும் வயரைத்தான், ஏசியை அல்ல. அடிக்கடி டிரிப் ஆகிறது என்று 2.5 ஸ்கொயர் எம்எம் லைனில் 32 ஆம்பியர் எம்சிபி மாட்டினால் டிரிப் நிற்கும், வயரின் இன்சுலேஷன் சுவருக்குள் மெல்ல வெந்துகொண்டிருக்கும்.

எம்சிபியோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் எர்த்துக்குக் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும். காரணம் இதுதான். எர்த் குழி 5 ஓம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏசி பாடியில் ஃபேஸ் பட்டால் அதன் வழியே ஓடக்கூடியது 230-ஐ 5-ஆல் வகுத்தால் வரும் 46 ஆம்பியர். 20 ஆம்பியர் 'சி' கர்வ் எம்சிபி உடனடியாக விழ 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். 46 ஆம்பியரில் அது சூடாகித்தான் விழும், ஒரு நிமிடம்கூட ஆகலாம். அதுவரை ஏசி பாடியில் கரன்ட் இருக்கும். ஆர்சிசிபி அரை நொடிக்குள் துண்டித்துவிடும். இன்வெர்ட்டர் ஏசிக்கு 'ஏ' டைப் ஆர்சிசிபிதான் சரி, சாதாரண 'ஏசி' டைப் அல்ல (இங்கே 'ஏசி' என்பது கரன்ட்டின் வகை, குளிர்சாதனம் அல்ல). இன்வெர்ட்டர் போர்டில் ரெக்டிஃபையர் இருப்பதால் கசியும் கரன்ட் முழு அலையாக வராது; சாதாரண டைப் அதைச் சரியாக உணராமல் போகலாம். வீடு முழுக்க ஒரே ஆர்சிசிபி இருந்தால் ஏசிக்கு மட்டும் தனியாக 20 ஆம்பியர் ஆர்சிபிஓ (எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாகச் சேர்ந்தது) போடுங்கள். இன்வெர்ட்டர் போர்டின் ஃபில்டர் வழியே எப்போதும் சிறிது கரன்ட் எர்த்துக்குக் கசியும். இரண்டு மூன்று ஏசியின் கசிவு ஒன்றாகச் சேர்ந்தால் நடுராத்திரியில் மொத்த வீடும் இருட்டாகிவிடும்.

15 மீட்டர் ஓட்டத்துக்கு வாங்க வேண்டியவை: இரு முனையிலும் ஒரு மீட்டர் விட்டுக் கணக்கிட்டால் சிவப்பு, கறுப்பு, பச்சை ஒவ்வொன்றும் 17 மீட்டர். 90 மீட்டர் காயில் மூன்று நிறத்தில் வாங்குவது வீண் என்பதால் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கடையில் வாங்கலாம், ஐஎஸ் 694 முத்திரை வயரிலேயே அச்சாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 25 மி.மீ. ஐஎஸ்ஐ பிவிசி பைப், தேவையான பெண்ட், எம்சிபி, ஆர்சிசிபி, 20 ஆம்பியர் ப்ளக் டாப்போடு வரும் ஏசி பாக்ஸ், 4 ஸ்கொயர் எம்எம்முக்கான காப்பர் லக் (வயர் முனையில் மாட்டி நசுக்கும் செம்பு முனை). லக்கைக் கட்டிங் பிளேயரில் நசுக்கக் கூடாது. கிரிம்பிங் டூல் இல்லாத வயர்மேனாக இருந்தால் அதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வயர் இழுப்பது

பைப் செங்குத்தாகவோ கிடைமட்டமாகவோ நேராகப் போக வேண்டும், சுவரில் குறுக்காகச் சாய்த்து வெட்டக் கூடாது. பிறகு படம் மாட்ட ஆணி அடிப்பவர் பைப் எங்கே போகிறது என்று ஊகிக்க வழி வேண்டும். மொட்டை மாடிச் சுவரில் மேற்கு வெயிலில் காயும் பைப்பாக இருந்தால் உள்ளே இருக்கும் வயரின் தாங்கும் திறன் குறையும், அதற்கும் 4 ஸ்கொயர் எம்எம் கைகொடுக்கும்.

மூன்று வயரையும் ஒன்றாக, ஒரே பைப்பில் இழுக்க வேண்டும். இங்கேதான் பல வீடுகளில் குறுக்குவழி நடக்கிறது. ஃபேஸை மட்டும் புதிதாக இழுத்துவிட்டு, நியூட்ரலை அதே ரூமின் சுவிட்ச் போர்டிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். ஏசி ஓடும், அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஃபேன், லைட்டுக்குப் போன 1 ஸ்கொயர் எம்எம் நியூட்ரலில் இப்போது ஏசியின் 9 ஆம்பியரும் ஓடுகிறது, அதைக் காக்க அங்கே எம்சிபி இல்லை. பிறகு ஆர்சிசிபி மாட்டினால் அது ஆன் நிலையில் நிற்கவே நிற்காது, காரணம் அதன் வழியே போன கரன்ட் வேறு வழியில் திரும்பி வருகிறது.

டிபி பாக்ஸில் வயரின் தோலை 10 முதல் 12 மி.மீ. வரை சீவி, பின் லக் போட்டு கிரிம்ப் செய்து எம்சிபிக்குள் முழுக்க நுழைத்து முறுக்க வேண்டும். நுழைத்த பிறகு வெளியே செம்பு தெரியக் கூடாது. தோலும் கிளாம்புக்குள் மாட்டிக்கொள்ளக் கூடாது. முறுக்கிய பின் ஒவ்வொரு வயரையும் கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள். இழையை முறுக்கி ஈயம் பூசி நுழைப்பது பழைய பழக்கம், அதை விட்டுவிட வேண்டும். அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் தளர்ந்து கொடுக்கும், ஸ்க்ரூ தானாக லூஸாகிவிடும்.

ஏசி பாக்ஸும் ஸ்டெபிலைசரும்

சாதாரண 16 ஆம்பியர் மூன்று பின் சாக்கெட்டில் ஒன்றரை டன் ஏசியைச் செருகுவது எண்ணிக்கையில் சரிதான், நடைமுறையில் சரியில்லை. மலிவான சாக்கெட்டின் பித்தளைப் பிடி இரண்டு கோடையில் தளர்ந்துவிடும். அப்புறம் சூடு, சூட்டில் இன்னும் தளர்வு. ப்ளக்கின் ஃபேஸ் பின்னைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாக மாறியிருந்தால் அந்த சாக்கெட்டும் ப்ளக்கும் சேர்த்தே மாற்றப்பட வேண்டியவை, ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும். எம்சிபியும் 20 ஆம்பியர் உருண்டை பின்னும் கொண்ட மெட்டல் ஏசி பாக்ஸ்தான் நம்பகமானது. அதன் இரும்புப் பெட்டிக்கும் எர்த் கொடுக்க மறக்க வேண்டாம். இன்டோருக்குக் கீழே நேராக வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள், டிரெயின் அடைத்துத் தண்ணீர் சொட்டினால் பாக்ஸ் மேல் விழக் கூடாது.

ஸ்டெபிலைசர் தேவையா என்பதை ஏசியின் பெயர்ப்பலகையிலும் மேனுவலிலும் உள்ள வோல்டேஜ் வரம்பே சொல்லும். தேவையென்றால் 1.5 டன்னுக்கு 4 கேவிஏ. கவனிக்க வேண்டியது இன்புட் பக்கம். ஏசிக்கு 230 வோல்ட்டில் 9 ஆம்பியர் கொடுக்க, 170 வோல்ட் வரும்போது ஸ்டெபிலைசர் லைனிலிருந்து 12 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். லோ வோல்டேஜ் பகுதிகளில் வயரும் ப்ளக்கும் அதிகம் சூடாவது இதனால்தான். இன்புட் எர்த்தும் அவுட்புட் எர்த்தும் ஸ்டெபிலைசருக்குள் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள்.

இன்டோர், அவுட்டோர் இணைப்பு

பெரும்பாலான வீட்டு ஏசிகளில் கரன்ட் இன்டோருக்கு வந்து, அங்கிருந்து அவுட்டோருக்குப் போகும். சில மாடல்களில் நேராக அவுட்டோருக்குக் கொடுக்க வேண்டும். மூடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வயரிங் படத்தைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது.

இன்வெர்ட்டர் ஏசியில் நான்கு கோர் கேபிள்: ஃபேஸ், நியூட்ரல், சிக்னல், எர்த். டெர்மினலில் 1, 2, 3 என்றோ எல், என், எஸ் என்றோ இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் ஒரே நிறம் வர வேண்டும். சிக்னல் பெரும்பாலும் நியூட்ரலை அடிப்படையாக வைத்தே போகிறது, அதனால் ஃபேஸும் நியூட்ரலும் ஒரு பக்கம் மாறினாலே இரண்டு போர்டும் பேசிக்கொள்ளாது. இன்டோர் காற்று வரும், அவுட்டோர் அசையாது, சில நிமிடத்தில் டைகினில் யூ4, எல்ஜியில் சிஎச்05 போன்ற கோடு காட்டும். கேஸ் போய்விட்டது, போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் இந்த நான்கு வயரைப் பார்த்துவிட வேண்டும்.

இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில் சிக்னல் கிடையாது. கம்ப்ரஸர், அவுட்டோர் ஃபேன், நியூட்ரல், எர்த் என்று தனித்தனி வயர் போகும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் மாட்டும் ஹீட் பம்ப் வகை (ரூமைச் சூடாக்கவும் செய்யும்) ஏசியாக இருந்தால், ரிவர்சிங் வால்வுக்கு இன்னொரு வயரும் சேரும். இன்வெர்ட்டர் ஹீட் பம்பில் அந்த வேலையை அவுட்டோர் போர்டே பார்த்துக்கொள்ளும், கூடுதல் வயர் வேண்டாம்.

நிறத்தில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. ஏசியோடு வரும் கேபிளில் பிரவுன் ஃபேஸ், நீலம் நியூட்ரல், மஞ்சள்-பச்சை எர்த். நம் வீட்டு வயரிங்கில் நீலம் மூன்றாவது ஃபேஸ். நீலத்தை நீலத்தோடு சேர்த்தால் ஏசிக்கு 400 வோல்ட் போய்விடும். நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

கேபிள் அளவு மேனுவலில் சொன்னபடி, 1.5 ஸ்கொயர் எம்எம்முக்குக் குறையாமல். பைப் நீளத்தைவிட ஒரு மீட்டர் அதிகமாக வாங்குங்கள். போதவில்லை என்று நடுவில் முறுக்கி டேப் சுற்றினால், மழைக்காலத்தில் சிக்னல் கோளாறு அங்கிருந்துதான் தொடங்கும். டெர்மினலுக்கு வரும் எர்த் வயரை மற்றவற்றைவிட 3, 4 செ.மீ. நீளமாக விடுங்கள். கேபிளை யாராவது இழுத்துவிட்டால் ஃபேஸ் முதலில் கழன்று எர்த் கடைசியில் கழல வேண்டும். கேபிள் கிளாம்பு மேலுறையைப் பிடிக்க வேண்டும், உள்ளே இருக்கும் கோர்களை அல்ல. அவுட்டோருக்குள் நுழையும் முன் கேபிளைக் கொஞ்சம் கீழே இறக்கி மேலே ஏற்றினால் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். வெயிலில் படும் பகுதியை வெள்ளை டேப் மட்டும் சுற்றி விடாமல் பிவிசி பைப்பிலோ கேசிங்கிலோ விடுங்கள், அந்த டேப் ஓரிரு கோடையில் உதிர்ந்துவிடும்.

ஏற்கெனவே ஓடிய இன்வெர்ட்டர் அவுட்டோரைத் திறப்பதானால் கரன்ட்டை அணைத்து 10 நிமிடம் காத்திருங்கள். உள்ளே பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும், அது இறங்கியதை மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

ஓட்டும் முன் சோதனை

ஏசியை இணைக்கும் முன்பே புதிய வயரை 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டரில்) பார்க்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 1 மெகா ஓம் குறைந்தபட்சம். புது வயரில் அதைவிடப் பல மடங்கு காட்டும். ஏசி இணைந்திருக்கும்போது மெகர் போட்டால் போர்டு போய்விடும்.

எர்த்தை மல்டிமீட்டரில் மட்டும் பார்ப்பது ஏமாற்றும். ஃபேஸ்-எர்த் 230 காட்டினாலும் அந்த எர்த் பத்து மில்லி ஆம்பியர்கூடத் தாங்காததாக இருக்கலாம், ஏனென்றால் மீட்டர் எதையும் இழுப்பதில்லை. ஆர்சிசிபிக்கு முன்னால் உள்ள லைனில் 100 வாட் குண்டு பல்பை ஃபேஸ்-எர்த் நடுவே போட்டு, பல்ப் எரியும்போது வோல்டேஜ் எவ்வளவு குறைகிறது என்று வயர்மேன் பார்க்க வேண்டும். 2, 3 வோல்ட் குறைந்தால் நல்ல எர்த். 20 வோல்ட் குறைந்தால் அந்த எர்த் 45 ஓம் அளவில் இருக்கிறது, குழியைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது. எர்த் அறுந்திருந்தால் இந்தச் சோதனையின்போது ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பாடியிலெல்லாம் கரன்ட் வரும். எல்லாவற்றையும் ப்ளக்கிலிருந்து கழற்றி, யாரும் எதையும் தொடாதபடி பார்த்துக்கொண்டு சில நொடி மட்டும் செய்ய வேண்டிய சோதனை இது.

ப்ளக்கைச் செருகும் முன், அதன் எர்த் பின்னுக்கும் அவுட்டோரின் பெயின்ட் இல்லாத ஸ்க்ரூவுக்கும் நடுவே 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். பிறகு ஏசியை 18 டிகிரியில் வைத்து 20 நிமிடம் ஓட்டுங்கள். கிளாம்ப் மீட்டரில் வரும் ஆம்பியர் பெயர்ப்பலகையில் உள்ளதைத் தாண்டக் கூடாது. டிபி பாக்ஸிலும் ஏசி பாக்ஸிலும் வோல்டேஜ் பாருங்கள், வித்தியாசம் 3 வோல்ட்டுக்கு மேல் போனால் நடுவில் எங்கோ லூஸ். அணைத்த உடனே ப்ளக் டாப்பின் வெளிப்புறத்தைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருக்கவே கூடாது. ஒரு மாதம் ஓடிய பிறகு மெயினை இறக்கி எல்லா டெர்மினல் ஸ்க்ரூவையும் ஒருமுறை முறுக்கிவிடுங்கள். புதுச் செம்பு இழைகள் அழுந்தி அமர்ந்த பிறகு கால் சுற்று இடம் கொடுக்கும்.

கோளாறு வந்தால் எங்கே தேடுவது

ஆன் செய்த நொடியிலேயே எம்சிபி விழுந்தால் ஷார்ட், அல்லது 'பி' கர்வ் எம்சிபி, அல்லது கம்ப்ரஸர் இறுகிப்போயிருக்கிறது. அரை மணி நேரம் ஓடிய பின் விழுந்தால் முதலில் எம்சிபியின் சொந்த ஸ்க்ரூவைப் பாருங்கள். அங்கே லூஸாகிப் பிறக்கும் சூடே எம்சிபியை விழ வைக்கும். அது சரியென்றால் அவுட்டோர் காயிலில் தூசி அடைத்து ஆம்பியர் ஏறியிருக்கும்.

மழை பெய்யும்போது மட்டும் ஆர்சிசிபி விழுந்தால் அவுட்டோர் டெர்மினலில் ஈரம், அல்லது கேபிள் உறை வெடித்திருக்கிறது. மழையோ வெயிலோ ஏசி போட்டதுமே விழுந்தால் நியூட்ரல் வேறு சர்க்யூட்டோடு கலந்திருக்கிறது, அல்லது கம்ப்ரஸர் வைண்டிங் பாடியில் இறங்கியிருக்கிறது. அவுட்டோரின் மூன்று கம்ப்ரஸர் வயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் இரண்டில் எது என்று பிரிந்துவிடும்.

அவுட்டோரைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது, மீட்டரில் 110 வோல்ட் போலக் காட்டுகிறது என்றால் எர்த் அறுந்திருக்கிறது. எர்த் இல்லாதபோது இன்வெர்ட்டர் போர்டின் ஃபில்டர் பாடியை ஏறக்குறைய பாதி வோல்டேஜில் நிறுத்தும். இப்போதைக்கு லேசான ஷாக்தான், ஆனால் உண்மையாக ஃபேஸ் பாடியில் பட்டால் தடுக்க அங்கே எதுவும் இல்லை. எர்த்தைச் சரிசெய்யும் வரை அந்த ஏசியை அணைத்தே வையுங்கள்.

கேபிள் நுழையும் ஓட்டையை அடைக்காமல் விட்ட அவுட்டோருக்குள் பல்லி போய் போர்டின் மேல் விழுந்து, தானும் செத்து போர்டையும் கொல்லும். இன்டோரில் எறும்பு ரிலேக்குள் கூடு வைக்கும். ரப்பர் கிராமெட் போட்டு, மீதி இடைவெளியை எம்-சீல் வைத்து அடைக்க ஐந்து நிமிடம் போதும். சுவரில் பைப் போகும் துளையையும் அப்போதே சேர்த்து அடைத்துவிடலாம்.